திருச்சி ஜி, டெல்லி ஜி

பி.எஸ்ஸி. இயற்பியல் ஆனர்ஸில் எனக்கு இடம் கிடைத்தபோது, எங்கள் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் அது என்ன படிப்பு என்று யாருக்கும் பிடிபடவில்லை. மாடி வீட்டு மாமி, "முடிச்சா டீச்சர் வேலை கிடைக்குமா?" என்று கேட்டார். அப்பாவின் ஆபீஸ் நண்பர் ஒருவர் டீயை உறிஞ்சிக்கொண்டே, "பொம்பளப் பிள்ளைக்கு ஹோம் சயின்ஸ் போட்டிருக்கலாமே சார்" என்று எங்களுக்காகக் கவலைப்பட்டார். எனக்கு எதுவும் காதில் விழவில்லை. அந்த ஜூலை மாதம் முழுக்க நான் கால் தரையில் பாவாமல்தான் நடந்தேன்.

எழுபதுகளின் பிற்பகுதி அது. காலையில் காலனி முனையிலிருந்து யுனிவர்சிட்டி ஸ்பெஷல் பஸ் புறப்படும். ஊரைத் தெற்கிலிருந்து வடக்காக முழுசாகக் கடந்து போகிற நீளமான பயணம். நின்றுகொண்டே போனாலும் எனக்கு அலுக்காது. வண்டி சட்டென்று பிரேக் போட்டு எல்லாரும் முன்னால் சரிந்தால் மற்றவர்கள் டிரைவரைத் திட்டுவார்கள். நான் மட்டும் நிலைமம், நிலைமம் என்று மனதுக்குள் குதூகலித்துக்கொண்டிருப்பேன். பைத்தியம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

எட்டாவது வரை திருச்சியில் தமிழில் படித்தவள் நான். அப்பாவுக்கு டெல்லிக்கு மாற்றல் வந்த பிறகு லோதி ரோட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் சேர்ந்தேன். அதனால் முடுக்கம், ஊசல், நிலைமம் எல்லாம் எனக்குள் தமிழில்தான் குடியிருந்தன. கல்லூரிப் பாடம் ஆங்கிலத்தில் வந்தது, கேன்டீன் அரட்டை இந்தியில் நடந்தது. மூன்று மொழியிலும் இயற்பியல் ஒன்றேதான் என்பதே எனக்கு அப்போது பெரிய அதிசயமாக இருந்தது.

லேபுக்குள் முதன்முதலாகப் போன நாளில் இருட்டறையில் ஒரு சோடியம் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என் லேப் பார்ட்னர் கரோல் பாகிலிருந்து வரும் பஞ்சாபிப் பெண். அன்றைக்கென்று புதிதாக நல்ல சிவப்பில் நெயில் பாலிஷ் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அந்த மஞ்சள் வெளிச்சத்துக்குள் கையை நீட்டியதும் நகமெல்லாம் கன்னங்கரேலென்று ஆகிவிட்டது. "ஹாய் ராம்!" என்று அலறிவிட்டாள். அந்த விளக்கில் சிவப்பே கிடையாது, இல்லாத நிறத்தை நகம் எப்படித் திருப்பி அனுப்பும் என்று எனக்கு ஒரு நொடியில் புரிந்தபோது உடம்பெல்லாம் சிலிர்த்தது. கண்ணுக்கு எதிரே, பத்து விரலில் இயற்பியல் நடந்துகொண்டிருந்தது. வெளியே வந்ததும் திரும்பச் சிவந்துவிட்ட நகங்களைப் பார்த்து இருவரும் மூச்சு முட்டச் சிரித்தோம். அன்றிலிருந்து நாங்கள் சேர்த்தி.

இனி, என் தலையைத் தின்ற ஜி.

டெல்லியில் எல்லார் பெயருக்குப் பின்னாலும் ஒட்டிக்கொள்கிற ஜி அல்ல இது. பூமி நம்மை எவ்வளவு பலமாக இழுக்கிறது என்று சொல்கிற எண். அதைக் கண்டுபிடிக்க முதலாண்டு லேபின் சுவரோரம் ஒரு பித்தளை ஊசல் தொங்கும். ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவான தண்டு, இரண்டு முனைக்கும் பக்கத்தில் கத்திபோன்ற விளிம்பு. நேராகத் தொங்கவிட்டு ஆட்டி நேரம் பார்க்க வேண்டும். பிறகு தலைகீழாகத் தொங்கவிட்டு ஆட்டி நேரம் பார்க்க வேண்டும். இரண்டு நேரமும் ஒன்றாகும்வரை தண்டிலிருக்கிற எடைகளை இம்மி இம்மியாக நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். பொறுமைசாலிகளுக்கான பரிசோதனை. எங்கள் வகுப்பில் அப்படி யாரும் கிடையாது.

அதனால்தான் சமையல். அதைக் 'குக்கிங்' என்றே வெளிப்படையாகச் சொல்வார்கள். சீனியர்கள் ஜூனியர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போகிற செய்முறை அது: பள்ளியில் 9.8 என்று படித்த ஜி, சென்டிமீட்டர் கணக்கில் 980 என்று முதலில் விடையை எழுதிக்கொள். அந்த விடை வரவேண்டுமானால் ஊசல் எவ்வளவு நேரம் எடுத்திருக்க வேண்டும் என்று பின்னாலிருந்து கணக்குப் போடு. ரொம்பச் சரியாக இருந்தால் சந்தேகம் வரும், அதனால் அங்கங்கே ஒரு சிட்டிகை தவறைத் தூவு. பரிமாறு. ஊசலைத் தொடாமலே பரிசோதனையை முடித்துவிட்டு சமோசா சூடாக இருக்கும்போதே கேன்டீனுக்குப் போய்விடலாம். கொஞ்சம் தாராள மனசுக்காரர்கள் 981 என்று போட்டார்கள். என் பார்ட்னரும் 981தான்.

நான் ஒன்றும் சத்தியத்துக்காக உயிரை விடுகிற ரகம் இல்லை. நானும் சமைத்திருப்பேன். தடுத்தது என் பெரியம்மா பெண். என்னைவிட ஒரு வயது மூத்தவள், திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் இயற்பியல் இரண்டாம் ஆண்டு. அந்த வருஷம் கோடை லீவில் திருச்சிக்குப் போயிருந்தபோது, நானும் இயற்பியல் சேரப்போகிறேன் என்றதும் அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

"அதெல்லாம் பொறுமை வேணும்டி. உனக்கு வராது" என்றாள்.

"உனக்கு வந்தா எனக்கு ஏன் வராது?"

"எங்க காலேஜ்ல ஜி போட்டோம்னா டாண்ணு 978 வரும். கூடக் கொறைய வந்தா மிஸ் ரெகார்டைத் தூக்கி மூஞ்சியில எறிவாங்க. உங்க டெல்லியில எல்லாம் சும்மா வாயாலயே போடுவாங்களாம்ல?"

டெல்லியில் வாயால் அல்ல, பின்னாலிருந்து போடுவார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்தபோது எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அக்கா சொன்னது உண்மையாகிவிடக் கூடாது. இந்த டெல்லியிலும் நான் நிஜமாகவே ஊசலை ஆட்டி, அவளுடைய 978-ஐக் கொண்டுவந்து காட்டுகிறேன், பார் என்று கங்கணம் கட்டிக்கொண்டு ஊசல் மேஜையில் உட்கார்ந்தேன்.

வந்தது 979.

எடைகளை நகர்த்தி மறுபடி ஆட்டினேன். 979. ஸ்டாப் வாட்சில் கோளாறு என்று வேறொன்று வாங்கி ஆட்டினேன். 979-க்கு மேல் ஒரு புள்ளி. ஜன்னல் காற்று காரணமோ என்று ஜன்னலைச் சாத்தினேன். அளவுகோல் தேய்ந்திருக்குமோ என்று பக்கத்து மேஜை அளவுகோலோடு ஒட்டவைத்துப் பார்த்தேன். கொஞ்சம் ஆட்டத்துக்கு நேரம் பார்த்தால் கைத்தவறு பெரிதாகத் தெரியும் என்று, நூற்றுக்கணக்கான ஆட்டங்களை எண்ணத் தொடங்கினேன். எண்ணும்போது மட்டும் எனக்கு ஆங்கிலமோ இந்தியோ வராது, தமிழில்தான் வரும். பார்ட்னர் பக்கத்தில் நின்று துணைக்கு இந்தியில் எண்ணுவாள். பாதி வழியில் அவள் ஒன்று சொல்ல நான் ஒன்று சொல்ல, இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்போம்.

"அரே பாகல், பைத்தியமே, 980 போட்டுட்டு வா. ஒரே ஒரு நம்பர்தானே குறையுது" என்பாள் அவள்.

"ஒரே ஒரு நம்பர்தானே கூட இருக்கு" என்று நான் புலம்புவேன்.

எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அந்த 979 அசையாமல் உட்கார்ந்திருந்தது. வகுப்பு முழுக்க 980, 981. திருச்சியில் 978. நடுவில் எனக்கு மட்டும் எவருக்குமே வராத ஒரு எண்.

ஆனால் உண்மையைச் சொன்னால் அந்த வாரங்களில் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். தவறைத் தேடுவதே ஒரு போதையாகிவிட்டது. பஸ்ஸில் போகும்போது புதிதாக ஒரு சந்தேகம் முளைக்கும். கத்திவிளிம்பு மழுங்கியிருக்குமோ? சுவரே சேர்ந்து ஆடுகிறதோ? ஓடிப்போய்ப் பார்ப்பேன். இருக்காது. இருக்காது என்று தெரிந்துகொள்வதிலும் ஒரு கிளுகிளுப்பு. சாப்பாட்டை மறந்து, வகுப்பை மறந்து அந்தப் பித்தளைத் தண்டின் முன்னால் உட்கார்ந்திருப்பேன். அது பாட்டுக்குப் போகும், வரும், போகும், வரும். எனக்கு அதன் மேல் ஒரு பிரியமே வந்துவிட்டது.

மற்றவர்கள் ஸ்பெக்ட்ரோமீட்டர், காந்தம், மின்தடை என்று மேஜை மேஜையாக முன்னேறிப் போய்விட்டார்கள். நான் மட்டும் நவம்பரிலும் ஊசல், டிசம்பரிலும் ஊசல். லேபில் ஒரு மேடம் இருந்தார். வங்காளி. கஞ்சி போட்ட பருத்திப் புடவையைப் போலவே பேச்சும் விறைப்பாக இருக்கும். ஒரு திங்கட்கிழமை வந்து என் மேஜை முன்னால் நின்றார்.

"நீ இன்னுமா இங்கே உட்கார்ந்திருக்கிறாய்?" என்றார் ஆங்கிலத்தில். "பாதிப் பரிசோதனைகூட முடிக்காதவர்களைப் பரீட்சை எழுத விடமாட்டார்கள், தெரியுமா?"

"விடை சரியாக வரவில்லை மேடம்."

"எல்லாருக்கும் வருகிறது, உனக்கு மட்டும் வராதா? சிலருக்குப் புத்தகத்தில் தலை ஓடும், கை ஓடாது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அடுத்த திங்கட்கிழமை இந்தப் பரிசோதனையை முடித்துக் காட்டு. இல்லையென்றால் பாஸ் கோர்ஸுக்கு மாறிக்கொள். வருஷமாவது வீணாகாது. நானே ஹெட்டிடம் பேசுகிறேன்."

பாஸ் கோர்ஸ் என்பது எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் படித்து பட்டம் வாங்கிக்கொண்டு போகிற படிப்பு. அதில் நல்ல மாணவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் ஆனர்ஸ் என்றால்தான் இரண்டாம் வருஷம் ஒளியியல், மூன்றாம் வருஷம் குவாண்டம், அதற்குப் பிறகு எம்.எஸ்ஸி. அந்தக் கதவு சாத்தினால் சாத்தினதுதான்.

வீட்டில் சொன்னேன். அப்பா கத்தவில்லை. அதுதான் கஷ்டமாகப் போயிற்று. சாப்பிட்டுக்கொண்டே நிதானமாகக் கேட்டார்.

"பாஸ் கோர்ஸ்னா பாங்க் பரீட்சை எழுதலாம்ல?"

"எழுதலாம்ப்பா."

"அப்புறம் என்னம்மா. ஒனக்கு மட்டும் வரலைன்னு சொல்றாங்கன்னா அவங்களுக்குத் தெரியாமலா சொல்லுவாங்க? மாறிக்க. நான் ஒண்ணும் தப்பா நெனைக்க மாட்டேன்."

அந்த வாரம் முழுக்க 980 என்று எழுதிவிடலாமா என்று யோசித்தேன். எழுதினால் மேடம் அடுத்த நொடியே கையெழுத்துப் போட்டிருப்பார். ஆனால் ஒரு வீம்பு. இத்தனை நாள் ஆட்டிவிட்டு, அந்தத் தண்டு சொல்லாத ஒன்றை அது சொன்னதாக எப்படி எழுதுவது? அதைவிட மோசமான பயம் ஒன்றும் இருந்தது. மேடம் சொன்னது சரிதானோ, எனக்குக் கை ஓடாதோ, இப்போது சமைத்துத் தப்பித்தாலும் ஒரு நாள் எல்லாருக்கும் தெரிந்துவிடுமோ என்ற பயம். இந்த ஒன்றுகூட வராதவளுக்கு இந்தப் படிப்பு எதற்கு என்று எனக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சடங்கு உண்டு. கூடத்துச் சுவரில் ஒரு பெண்டுலம் கடிகாரம் இருந்தது. அம்மாவுக்குக் கல்யாணச் சீராக வந்தது. அது டெல்லிக்கு வந்த நாளிலிருந்து வேகமாக ஓடும். வேகத்தைக் குறைக்கிற திருகு துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. ஐ.என்.ஏ. மார்க்கெட் பக்கத்துக் கடிகாரக் கடைக்காரர், கை வைத்தால் உடைந்துவிடும் என்று சொல்லிவிட்டார். அதனால் அப்பா ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். ஞாயிறு காலை ரேடியோ செய்தி நேரத்தில் கடிகாரக் கதவைத் திறந்து ஆடுகிற குண்டைக் கையால் பிடித்து நிறுத்துவார். நிஜ நேரம் வந்து சேர்ந்துகொள்ளும்வரை அப்படியே நின்றுகொண்டிருப்பார். பிறகு விட்டுவிடுவார். அதற்கு 'கடிகாரத்துக்கு லீவு விடுவது' என்று பெயர். வருஷக்கணக்காகப் பார்த்துப் பார்த்து, வீட்டில் இருக்கிற அண்டா குண்டாவைப் போல அதுவும் எனக்குக் கண்ணிலேயே படாத காரியமாகிவிட்டிருந்தது.

அன்றைக்கு அப்பா முகமெல்லாம் சோப்பு நுரையோடு நின்றுகொண்டிருந்தார்.

"நியூஸ் ஆரம்பிச்சிருச்சு. நீ போய் அந்தக் குண்டைப் பிடிம்மா. ஜல்தி!"

ரஜாயைப் போர்த்துக்கொண்டு சோர்ந்து கிடந்தவள் எழுந்து போய்க் கதவைத் திறந்து குண்டைப் பிடித்தேன். பித்தளை. ஐஸாகக் குளிர்ந்தது. லேபில் தினம் தினம் தொட்ட அதே குளிர்ச்சி. இங்கேயும் ஊசலா என்று எரிச்சலாகத்தான் முதலில் நினைத்தேன். கையில் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அப்பா கண்ணாடியைப் பார்த்தபடி அம்மாவிடம் வழக்கமான பல்லவியைச் சொன்னார்.

"திருச்சியில எவ்வளவு கரெக்டா ஓடிச்சு! இந்த ஊருக்கு வந்ததும் இதுக்கும் அவசரம் பிடிச்சுக்கிச்சு."

"ஊருக்குத் தகுந்த மாதிரிதானே அதுவும் இருக்கும்" என்றார் அம்மா, இட்லித் தட்டைக் கவிழ்த்துக்கொண்டே.

இது நாங்கள் எல்லாரும் ஆயிரம் தடவை கேட்ட பேச்சு. ஆனால் அன்று என் கையில் ஊசல் இருந்தது.

திருச்சியில் சரியாக ஓடிய ஊசல். டெல்லியில் வேகமாக ஆடுகிறது. நீளம் மாறவில்லை, திருகுதான் இறுகிப்போய்விட்டதே. நீளம் மாறாமல் ஊசல் வேகமாக ஆடினால் மாறியிருப்பது ஒன்றே ஒன்றுதான். இழுக்கிற பூமி.

எனக்குக் காது அடைத்துக்கொண்டது. டெல்லியில் ஜி அதிகம். திருச்சியில் ஜி கம்மி. அக்காவுடைய 978 சரி. என்னுடைய 979-உம் சரி. மாதக்கணக்காக நான் தேடிக்கொண்டிருந்த தவறு, நான் டெல்லியில் உட்கார்ந்திருப்பதுதான்!

"எத்தனை நிமிஷம் பிடிப்பீங்கப்பா?" என்று கத்தினேன்.

"என்னது?"

"இதை! ஒவ்வொரு வாரமும் எத்தனை நிமிஷம் பிடிச்சுக்கிட்டு நிப்பீங்க?"

"நாலரை நிமிஷம் ஆகும். மே மாசத்துல கொஞ்சம் கம்மி. ஏன்மா, கை வலிக்குதா?"

நான் குண்டை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். அப்பா பின்னாலிருந்து, "அட, இன்னும் நேரம் ஆகலியே!" என்று சோப்பு நுரையோடு துரத்திவந்து அதைப் பிடித்துக்கொண்டார். நான் தரையில் உட்கார்ந்து லாக் டேபிள் புத்தகத்தைப் பிரித்தேன். வாரத்துக்கு நாலரை நிமிஷம் வேகம் என்றால் ஒரு நிமிஷத்தில் எத்தனை பங்கு? அதை வகுத்து, ஊசல் கணக்குப்படி இரண்டால் பெருக்கி, அக்காவின் 978-ஆல் பெருக்கினேன். பதற்றத்தில் இரண்டு தரம் தப்பாகப் போட்டேன். மூன்றாம் தரம் வந்தது. முக்காலுக்கு மேலே, ஒன்றுக்குக் கொஞ்சம் கீழே. அதை 978-உடன் கூட்டினால் 979-ஐத் தொட்டுக்கொண்டு நின்றது. எங்கள் கூடத்துக் கடிகாரமும் கல்லூரி ஊசலும் ஒன்றையொன்று பார்க்காமலே ஒரே விடையைச் சொல்லியிருந்தன.

என் வாழ்க்கையில் அதற்குப் பிறகும் நல்லது எவ்வளவோ நடந்திருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை தரையில் உட்கார்ந்து அந்த எண்ணைப் பார்த்த சந்தோஷத்துக்கு எதுவும் ஈடாகாது. அழுதேன், சிரித்தேன், அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அம்மா சட்னி கரண்டியோடு, "என்னாச்சு இவளுக்கு?" என்று திகைத்து நின்றார்.

ஜி ஏன் ஊருக்கு ஊர் மாறுகிறது என்பது அடுத்த நாள் பஸ்ஸில் பிடிபட்டது. அதில் எனக்கு என் மேலேயே சிரிப்பு வந்தது. பருவத் தேர்வில் அதையே கேள்வியாகக் கேட்டு, நானும் பக்கம் பக்கமாக எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன். சுற்றுகிற ராட்டினம் உட்கார்ந்திருப்பவரை வெளியே தள்ளுவது போல, சுற்றுகிற பூமியும் நம்மைக் கொஞ்சம் வெளியே தள்ளுகிறது. நிலநடுக்கோட்டுப் பக்கம் அதிகமாக, வடக்கே போகப் போகக் குறைவாக. அந்த அளவுக்கு இழுப்பு குறைந்து தெரியும். தேர்வில் அது ஒரு சூத்திரம், அவ்வளவுதான். சுவரோரத்துப் பித்தளைத் தண்டைப் பற்றித்தான் அது பேசுகிறது என்று எனக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. வகுப்பறையும் லேபும் ஒரே மாடியில்தான் இருந்தன. என் மண்டைக்குள்தான் நடுவில் சுவர் இருந்தது.

லேபுக்குள் நுழைந்ததும் நேராக மேடத்திடம் போனேன். "முடித்துவிட்டேன் மேடம். 979."

"அச்சா. 980-க்கு இன்னும் ஒன்று குறைகிறதே" என்றார், தலையை நிமிர்த்தாமலே.

"குறையவில்லை மேடம். டெல்லிக்கு அவ்வளவுதான்."

இப்போது நிமிர்ந்தார். நான் மூச்சு விடாமல் சொன்னேன். அக்காவின் 978, அப்பாவின் நாலரை நிமிஷம், ராட்டினம், எல்லாம் முன்னும் பின்னுமாகக் கொட்டின. பக்கத்து மேஜைக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். மேடம் முகத்தில் எதுவும் தெரியவில்லை. சாக்பீஸை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"பூமி சுற்றுவதால் எவ்வளவு வித்தியாசம் வரும்? போடு."

போட்டேன். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் வந்தது. எனக்குத் திக்கென்றது. பஸ் குலுக்கலில் நான் அதை எண்ணாகப் போட்டுப் பார்க்கவே இல்லை.

"உன் கடிகாரம் ஏறக்குறைய ஒன்று என்கிறது. உன் ராட்டினம் மூன்றில் இரண்டு என்கிறது. மீதி எங்கே?" என்றார் மேடம்.

கரும்பலகை முன்னால் நின்றேன். வியர்த்தது, டிசம்பர் குளிரிலும் வியர்த்தது. பார்ட்னர் பின்னாலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஏதோ வேண்டிக்கொண்டிருந்தாள். நான் பூமியை வரைந்தேன். வேறெதுவும் தோன்றாததால் வரைந்தேன். திருச்சிக்கு ஒரு புள்ளி, டெல்லிக்கு ஒரு புள்ளி. அவசரத்தில் வட்டம் சரியாக வராமல், நடுவில் தொப்பை போட்டுக்கொண்டு சப்பையாக வந்தது. அதை அழித்துச் சரிசெய்யப் போன கை பாதியில் நின்றது.

"பூமி உருண்டை இல்லை மேடம்!" என்று கத்தினேன். "நடுவில் புடைத்திருக்கிறது. திருச்சி அந்தப் புடைப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. மையத்திலிருந்து தூரம் அதிகம். அதனால் இழுப்பு இன்னும் கம்மி. மீதி அதுதான்!"

மேடம் என்னிடமிருந்து சாக்பீஸை வாங்கிக்கொண்டு வகுப்பைப் பார்த்துத் திரும்பினார்.

"யார் யாருக்கு 980 வந்தது?"

பெருமையாக ஒரு பெரிய கும்பலே கை தூக்கியது.

"981?"

என் பார்ட்னரும் இன்னும் நாலு பேரும் தூக்கினார்கள்.

மேடம் கரும்பலகையில் நான் வரைந்த பூமியிலேயே காஷ்மீர் மலைகளையெல்லாம் தாண்டி மேலே ஒரு கோடு போட்டார். "980 என்றால் நீங்கள் இங்கே எங்கேயோ உட்கார்ந்து பரிசோதனை செய்திருக்கிறீர்கள்." இன்னும் மேலே போய் ஒரு கோடு போட்டார். "981 பாரிஸ் நகரம். நீங்கள் ஐந்து பேரும் பாரிஸ் போய் வந்தது எனக்குத் தெரியாமல் போய்விட்டது." சாக்பீஸைக் கீழே வைத்தார். "நானும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதெல்லாம் இன்றோடு ரத்து. எல்லாரும் டெல்லிக்குத் திரும்பி வாருங்கள்."

லேபே கொந்தளித்தது. "மேடம், ப்ளீஸ்!" என்று நாலு மூலையிலிருந்தும் குரல்கள். பின்பெஞ்சிலிருந்து யாரோ ஒருவன் என்னைப் பார்த்து பல்லைக் கடித்துக்கொண்டு இந்தியில் ஏதோ சொன்னான், அதை இங்கே எழுத முடியாது. பார்ட்னர் என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். "உன்னால என் பாரிஸ் போச்சு!" என்றாள். அவள் கோபப்படுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. எனக்கு அந்தக் கூச்சலெல்லாம் எங்கோ தூரத்தில் கேட்டது. நான் மேடத்தின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். முக்கியமான ஒன்றை அவர் இன்னும் சொல்லவில்லை.

கேட்காமல் இருக்க முடியவில்லை. "மேடம், நான்... பாஸ் கோர்ஸுக்கு..." என்று இழுத்தேன்.

மேடம் கையில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னுமா அந்த ஊசல் மேஜையிலேயே உட்கார்ந்திருக்க உத்தேசம்?" என்றார். "அடுத்த மேஜைக்குப் போ. பாரிஸிலிருந்து வந்தவர்கள் காத்திருக்கிறார்கள்."